முகம் இல்லாத எட்டுப் படங்கள்

4.3.84 ஞாயிறு
பெரம்பலூரில் வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. மதியம் ஸ்டுடியோவைச் சாத்திவிட்டு என் வேலை. எறையூர் கல்யாணத்துக்குப் போட்ட ஃபிலிம் ரோலில் எட்டுப் படம் மிச்சம். மேஜையில்: கசக்கிய தகரம், உடைந்த சோடா பாட்டில், ஓடையில் பொறுக்கிய ஜிப்சம் கட்டி இரண்டு, கண்ணாடி மாதிரி. விளக்குகளுக்கு முன் சிவப்பு, நீலக் கலர் பேப்பர். தகரத்தின் மடிப்பில் சிவப்பு வழிந்து ஜிப்சத்துக்குள் போய் நீலத்தோடு கலந்தது. எட்டும் நன்றாக வந்திருக்கும். சந்தேகமே இல்லை.

மேரி சமையலை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். "இதுல யாருங்க நிக்கிறா?"

"யாரும் நிக்கல. வெளிச்சம்தான்."

"அதுக்குப் பவுடர் போட்டாச்சா?"

பெண்டாட்டி வாய்க்கு எந்த ஊரிலும் பூட்டு விற்பதில்லை.

திருச்சி கண்காட்சிக்குப் படம் கொடுக்கக் கடைசி நாள் 17. பாஸ்போர்ட் சைஸ் எடுப்பவன் என்ற பெயரோடு மட்டும் போய்ச் சேர எனக்கு இஷ்டமில்லை.

9.3 வெள்ளி
திருச்சி லேபிலிருந்து கவர். கல்யாணப் படங்கள் பிரமாதம். இரண்டில் மட்டும் மாப்பிள்ளை கண் மூடியிருக்கிறார். என் எட்டில் ஒன்றுகூடப் பிரிண்ட் இல்லை. நெகட்டிவ் உறையில் பென்சிலால்: "லைட் அடித்துவிட்டது. போடவில்லை."

கொதிக்கிறது. ஃபிலிமில் வெளிச்சம் பட்டுக் கெட விடுகிற ஆளா நான்?

10.3 சனி
காலை பஸ். சண்டை போடத்தான் போனேன். லேபில் பிரிண்ட் போடுவது ரஹீம் பாய். லப்பைக்குடிக்காட்டுக்காரர்.

"தம்பி, நான் மொகத்தப் பாத்துத்தான் கலர் புடிப்பேன். தோல் கலர் சரியா வந்துட்டா மத்ததெல்லாம் தானா வந்துடும். இதுல மொகமே இல்ல, லைட் அடிச்சுடுச்சுன்னு நெனச்சுட்டேன். எத வச்சுப் போடுறது?"

நியாயம்தான். எல்லா ஸ்டுடியோக்காரனும் அவருக்கு ஆளைத்தானே அனுப்புகிறான்.

திரும்பும்போது பாடாலூர் தாண்டியதும் வழி தோன்றியது.

11.3 ஞாயிறு
புது ரோல். முதல் படம் மேரி. அதே விளக்குகள், கலர் பேப்பர் மட்டும் இல்லாமல். அப்புறம் என் எட்டும், மறுபடி. முகம் மட்டும் போதும் என்று சொல்லியும் கேட்காமல் மேரி பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். "எட்டுக்கும் நான்தான் அளவா?" என்று பெருமை வேறு.

லேபுக்கு அனுப்பிய ரோலோடு ஒரு சீட்டு: 'பாய், முதல் படத்து முகத்துக்குக் கலர் பிடியுங்கள். அதை மாற்றாமல் மற்ற எட்டையும் போடுங்கள்.'

17.3 சனி
நேரிலேயே போய் வாங்கினேன். எட்டும் வந்துவிட்டது. மேஜையில் நான் பார்த்த அதே சிவப்பு. கண்ணில் தண்ணீர். ஒத்துக்கொள்கிறேன்.

பாய் இன்னொரு கவரை நீட்டினார். "அது அவங்க மொகத்த வச்சுப் போட்டது. நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் மொகத்த விட்டுட்டு வெளிச்சத்த மட்டும் பாத்து இன்னொரு செட் போட்டேன். கோவிச்சுக்காதீங்க."

இரண்டையும் கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பாயின் படத்தில் சிவப்பு இன்னும் ஆழம். நீலம் ஜிப்சத்துக்கு உள்ளேயிருந்து எரிகிறது. எடுத்தவன் நான். இந்த நிறத்தைப் பார்த்தவர் அவர்.

அந்த செட்டைத்தான் கண்காட்சிக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். நிச்சயம் சுவரில் மாட்டுவார்கள். வயிறு எரிகிறது.