வீட்டுக்குள் அம்மா, வெளியே அக்கா

என் அன்பு அம்மா,

நாலு பேர் படிக்கிற இடத்தில் உன்னை இப்படிக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. எழுதிவிட்டு ஒரு முறை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். ஐம்பதை நெருங்குகிறேன், பயம் இன்னும் விட்டபாடில்லை.

படிப்பவர்களுக்கும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. கேமி என்ற பெயரில் ஹோட்டல் லவுஞ்சுகளில் ஆங்கில சோல் பாட்டும் பாப் பாட்டும் பாடிய கமலவேணி, நீ, என்னைப் பெற்றவள். ஊருக்கு மட்டும் நான் உன் தங்கை. எனக்கு மூன்று வயதானபோது மார்சிலிங்கை விட்டு, நம்மை யாருக்கும் தெரியாத ஆங் மோ கியோவுக்குக் குடிவந்தோம். வந்த அன்றே சட்டம் போட்டாய். "கேட்டுக்கு உள்ள அம்மா, கேட்டுக்கு வெளிய அக்கா. சரியா, மாலு?" ஒரு நாள் லிஃப்டில் மறந்துபோய் அம்மா என்றுவிட்டேன். பக்கத்தில் நின்றவர் கவனித்தாரோ இல்லையோ, உனக்கு வியர்த்துக் கொட்டியது.

பிள்ளை பெற்ற பாட்டுக்காரியைப் பார்க்க யார் வருவார்கள் என்று லவுஞ்ச் மேனேஜர் கேட்டாராம். அது போதாதென்று, கல்யாணமாகாமல் பெற்றவளை நம் ஆட்கள்தான் சும்மா விடுவார்களா? என் அப்பா யார் என்பதை இங்கே எழுதமாட்டேன். அது உன் கதை. என் பங்கை மட்டும் எழுதுகிறேன்.

வாரத்தில் ஆறு நாள் பாடினாய். அமெரிக்காவில் எந்த ஊர் என்று வெள்ளைக்காரர்கள் வந்து கேட்டால், "தேக்கா" என்று நம் தமிழ்க் கடைத்தெருவைச் சொல்வாயாம். தாளம் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், நீ அவசரமே படாமல் பின்தங்கி நிற்பாய். விட்டுவிட்டாளோ என்று கேட்பவர் பதறும்போது வரியைத் தொடுவாய். சொந்தமாக ஒரு கேசட் போட்டாய், ரேடியோவில் சில மாதம் ஓடியது. பிறகு சொகுசுக் கப்பல், கல்யாண விருந்துகள், சமூக மன்றத்தில் கரோக்கே வகுப்பு. கடைசியில் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்து நாற்காலிக்காரருக்குப் பாடினாய். அதற்கும் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டுதான் போவாய்.

அந்தக் கடைசி வாரத்தை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. உன் இரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ் என்னைக் காட்டி, "மகளா, ஆன்ட்டி?" என்று கேட்டார். மேனேஜர் இல்லை, ரசிகர் இல்லை, மறைக்க ஒரு காரணமும் இல்லை. நீ சிரித்துக்கொண்டே, "இல்ல லா, தங்கச்சி" என்றாய். நான் உன் தலையணையைச் சரிசெய்தேன். வேறென்ன செய்ய?

உன் ரசிகர்கள் பேப்பரில் கண்ணீர் அஞ்சலி கொடுத்தார்கள். கீழே "அன்புத் தங்கை மாலதி" என்று இருந்தது. சரிபார்க்க எனக்குத்தான் அனுப்பினார்கள். உன் பெயரில் இருந்த எழுத்துப்பிழையை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

சாங்கி விமான நிலையத்தில் என் ஆபீசில், பெற்றோர் இறந்தால் மூன்று நாள் லீவு, கூடப்பிறந்தவர் இறந்தால் ஒரு நாள். "அக்காவா? சாரி லா, மாலதி. ஒன் டே எடுத்துக்க" என்றார் சூப்பர்வைசர். உன்னை மண்டாய் தகனச்சாலையில் எரித்த மறுநாள் காலை, சரக்குக் கிடங்கில் பெட்டிகளின் லேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்குப் போய் இவ்வளவு அழுவாளா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று டாய்லெட்டில்கூட அளந்துதான் அழுதேன்.

ஒரு வருடமாகிவிட்டது. "எங்க அம்மா போய்ட்டாங்க" என்று இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்து கேட்டைப் பூட்டினால் அம்மா என்று கூப்பிடலாம், உன் சட்டப்படி தப்பில்லை. கூப்பிட்டும் பார்த்தேன். பக்கத்து வீட்டு டிவி சத்தம்தான் கேட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை, உன்னோடு பல வருடம் கீபோர்டு வாசித்த சுலைமான் அங்கிள் என்னைச் சிராங்கூன் ரோட்டுக்குத் தேநீர் குடிக்க வரச் சொன்னார்.

"வர்ற சனிக்கிழமை கேமி நினைவா பாட்டு நிகழ்ச்சி வெக்கிறோம். நீ ரெண்டு நிமிஷம் பேசணும்."

"தங்கச்சியாவா, அங்கிள்?" வாய்தவறி வந்துவிட்டது.

அவர் தேநீரைக் கலக்குவதை நிறுத்தினார். "எப்படி வேணுமோ அப்படிப் பேசும்மா. பேண்டுல எல்லாருக்கும் தெரியும்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"உனக்கு நாலு வயசு இருக்கும். காய்ச்சல்னு கூடவே கூட்டிட்டு வந்துட்டா. ஸ்டேஜுக்குப் பின்னால படுக்க வெச்சிருந்தா. பாட்டு நடுவுல நீ அழுதே. அவ்வளவுதான், மைக்கை வெச்சிட்டு ஓடிட்டா. நான் அதே டியூனை இழுத்து இழுத்து வாசிச்சு ஒப்பேத்தினேன். கேமி பாட்டைப் பாதியில விட்டது அந்த ஒரு தடவைதான். எந்த அக்கா அப்படி ஓடுவா?"

"இத்தனை வருஷம் ஏன் அங்கிள் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க ரெண்டு பேரும் மறைக்கப் பாடுபட்டீங்க. நாங்க தெரியாத மாதிரி இருக்கப் பாடுபட்டோம்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்போது சிரிப்பு போய்க் கோபம் வந்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா, அம்மா? யாரிடமிருந்து என்னை இத்தனை காலம் ஒளித்தாய்? அந்த நர்ஸிடம் நீ சொன்னது வெறும் பழக்கதோஷமா? என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தாயா? இல்லை, உண்மையாகவே என்னை மகள் என்று சொல்லக் கூசினாயா? மைக்கை வைத்துவிட்டு ஓடி வந்தவளும் நீதான், தங்கச்சி என்றவளும் நீதான். ஓடி வந்ததை நம்பத்தான் ஆசைப்படுகிறேன். சில நாள் முடிகிறது, சில நாள் முடியவில்லை.

சனிக்கிழமை மேடை ஏறப்போகிறேன். உன் அனுமதி கேட்கவில்லை. எனக்கு உன் தொண்டை வரவில்லை, நாலு பேரைப் பார்த்தால் குரல் அடைத்துவிடும். இருந்தாலும், "கேமி எங்க அம்மா" என்று மைக்கில் சொல்லாமல் இறங்கமாட்டேன். இது சத்தியம். அதற்காக உனக்குக் கோபம் வந்தால், கனவிலாவது வந்து நன்றாகத் திட்டிவிட்டுப் போ. ஒரு வருடத்தில் ஒரு தடவைகூட வரவில்லையே நீ.

இப்படிக்கு,
உன் மகள்
மாலதி