ஐந்தாவது ஷட்டர்

அக்டோபர் 9, வியாழன்

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் அணையிலிருந்து மாலையில் என்ஜினியர் வந்தார். கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரன்ட் போய் வந்தபின் கம்ப்யூட்டர் எழவில்லையாம். ஷட்டர்களை ஏற்றி இறக்கும் புரோகிராம் இதில் மட்டும்தான். நகல் கிடையாது. செத்த டிஸ்க்குகளிலிருந்து தகவலை மீட்பது என் தொழில்; எத்தனையோ பழைய டிஸ்க்குகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. இப்படி ஒன்று வந்ததில்லை.

"ஓடலைன்னா?" என்றேன்.

"கையால சுத்தித்தான் திறக்கணும். தண்ணிக்குப் பக்கத்துல இருக்கிற கீழ் மேடைக்கு ஆள் இறங்கணும்."

எந்த ஆள்? ஷட்டர் வேலை இவருடையது. எனக்குத் தெரியாதா?

அக்டோபர் 10

மோட்டார் முனகுகிறது, சுழலவில்லை. உள்ளே சுழலும் தட்டின்மேல் மயிரிழை உயரத்தில் மிதந்து தகவலைப் படிக்க வேண்டிய ஹெட்டுகள் தட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. வேகமாகத் திருப்பினால் பிய்ந்துவிடும். லேசாகச் சூடு காட்டினேன். விரலால் தட்டிப் பார்த்தேன். ஊஹும்.

மாமியார் கதவருகே நின்று, "எந்திரிச்சுதாம்மா?" என்றார், நோயாளியை விசாரிப்பதுபோல. போகும்போது கொடியில் காய்ந்த தன் மகனின் சட்டையை மடித்து எடுத்துப் போனார்.

அக்டோபர் 11

மழை. டிஸ்க்கைத் திறக்கப் பயம்.

அக்டோபர் 12, ஞாயிறு

திறந்தேன். மூச்சு படக்கூடாதென்று வாயில் துணி. நடு அச்சைப் பிடித்து, சுழலும் திசையிலேயே கொஞ்சம் — இன்னும் கொஞ்சம் — டக்.

விட்டதா, பிய்ந்ததா?

மூடி, கரன்ட் கொடுத்தேன். சுழன்றது! நிறுத்தாமல் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்தேன். பாதிக்கு மேல் போனதும் கர்... கர்... தட்டில் ஓரிடம் கீறியிருக்கிறது. அங்கே இருந்தது மட்டும் வரவில்லை.

அக்டோபர் 13

நகலை மாட்டியதும் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டதாம். ஃபோனில் என்ஜினியருக்குத் தலைகால் புரியவில்லை.

"சார், கொஞ்சம் வரல. அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஒவ்வொரு ஷட்டரையும் நேர்ல ஆள் வெச்சுப் பாருங்க."

"ஸ்கிரீன்ல எல்லாம் சரியாத்தானே காட்டுது, மேடம்?"

"ஸ்கிரீனை நம்பாதீங்க சார்! அங்க நிக்கிறது எங்க வீட்டு ஆளு!"

கத்திவிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ.

அக்டோபர் 14

நான்கு ஷட்டர்கள் ஏறின. ஐந்தாவது திறந்துவிட்டதாக ஸ்கிரீன் சொல்கிறதாம்; அது இம்மிகூட அசையவில்லை. அணை நிரம்புவதற்குள் கையால் திறந்துவைக்க முடிவு. நாளை இவர்தான் இறங்குகிறார்.

நேரில் பார்க்கச் சொல்லி நானே வாயைத் திறந்து இவரை அனுப்பிவைக்கிறேனோ?

"கயிறு கட்டிட்டுத்தானே போறேன்? நீ வேற, சும்மா பயமுறுத்திக்கிட்டு" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 15

போயிருக்கிறார். மழை வலுத்துவிட்டது. ஃபோனை எடுக்கவில்லை. ஏன் எடுக்க மாட்டேங்கிறாரு? ஈரக் கையோட இருப்பாரு. அவ்வளவுதான். அவ்வளவுதானே?

அக்டோபர் 17, வெள்ளி

அணை நேற்றே நிரம்பிவிட்டது. ஐந்து ஷட்டர் வழியாகவும் தண்ணீர் போகிறது. முந்தாநாள் அவர் நின்று சக்கரத்தைச் சுற்றிய மேடை இப்போது தண்ணீருக்கு அடியில்.

உள்ளங்கையெல்லாம் கொப்புளம். மருந்து தடவிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டார். குறட்டை வீட்டையே தூக்குகிறது.

"காது கிழியுது, அந்தக் கதவைச் சாத்தும்மா" என்றார் மாமியார்.

சாத்தவில்லை. மாமியாரும் எழுந்து வந்து சாத்தவில்லை.