சோக்கை மறக்கிற அம்மா

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. இங்கே இரண்டு பேரும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அதையே நலம் என்று வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும்.

மழை விட்டபாடில்லை. வெயில் முகமே காட்டாததால் கூரைமேல் இருக்கிற சோலார் பலகைகள் சும்மா நனைந்துகொண்டு கிடக்கின்றன, பாட்டரி பாதிகூட ஏறுவதில்லை. கரண்டுக் கம்பியோ இன்னும் கீழே ரோட்டு வளைவோடு நிற்கிறது, நம் வீடுவரை வருவதாகக் காணோம். பழைய ஜெனரேட்டர் கையை விரித்துவிட்டது. அதன் கயிற்றைக் கடைசியாக இழுத்த அன்று எனக்கு நெஞ்சு அடைத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். போனில் உன்னிடம் சொல்லவில்லை. இனிமேல் கனமாக எதையும் இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்பவாவது வாயத் திறந்தீங்களே என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதுகிறாள் உன் அம்மா. பயப்படாதே, மாத்திரை சாப்பிடுகிறேன். அசதிதான் போக மாட்டேன் என்கிறது, தூங்கி எழுந்தாலும் வேலை செய்து முடித்தவன் மாதிரி இருக்கிறது.

ஏசியும் ஓடுகிற மாதிரி பெரிய ஜெனரேட்டராக வாங்குங்கள் என்று மாப்பிள்ளை சொன்னார் அல்லவா, அதைப் பார்க்கத்தான் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் கிலோவாட் கிலோவாட்டாக அடுக்கினார். அதெல்லாம் இருக்கட்டும், இத இவ இழுத்து ஓட்டணும், அதுக்குத் தோதா எதுன்னு சொல்லுங்க என்றேன். வீட்ல நீங்க இருக்கறப்ப அம்மா எதுக்குங்க இழுக்கணும் என்று அவர் சிரித்தார். உன் அம்மா கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தாள். பெரியது அசையவே இல்லை. அடுத்தது பாதி வந்து, அவள் கையையும் சேர்த்து வெடுக்கென்று உள்ளே இழுத்தது. சாவி போட்டால் கிளம்புகிறதும் இருந்தது, ஆனால் சாவிக்கென்று உள்ளே ஒரு குட்டி பாட்டரி, அது செத்தால் அதற்கும் கயிறுதானாம், அந்தக் கயிறும் இவள் கைக்கு வரவில்லை. கடைசியில் ஓரமாகக் கிடந்த சின்னதுதான் முழுசாக வந்தது, அதையே எடுத்துவிட்டேன்.

இதில் ஏசி ஓடாது. விளக்கு, ஃபேன், பிரிட்ஜ் ஓடும், பாட்டரி மெதுவாக ஏறும், தண்ணீர் மோட்டார் போட்டால் மற்றதை அணைக்க வேண்டும். நீங்கள் லீவுக்கு வந்தால் வியர்த்துக்கொண்டுதான் தூங்க வேண்டும், மாப்பிள்ளையிடம் பதமாகச் சொல். லீவுக்கு வருகிறவர்களுக்காக வாங்குவதா, நான் போன பிறகும் இந்த வீட்டைவிட்டு நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவளுக்காக வாங்குவதா என்று யோசித்துத்தான் செய்தேன். இந்த வரியை எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுது என்றேன். எழுதியாச்சு என்கிறாள், எனக்கு எங்கே தெரியப்போகிறது.

இப்போது கவலை என்னவென்றால் உன் அம்மா சோக்கை மறக்கிறாள். இன்ஜின் குளிர்ந்து கிடந்தால் முதலில் சோக் என்கிற அந்தச் சின்னப் பிடியை வெளியே இழுக்க வேண்டும், ஓட ஆரம்பித்ததும் உள்ளே தள்ள வேண்டும், அவ்வளவுதான். தினமும் சொல்கிறேன். தினமும் வெறும் கயிற்றை இழுத்துவிட்டு, ஏங்க, கிளம்ப மாட்டேங்குதே என்று கூப்பிடுகிறாள். நான் எழுத்து அறியாதவன்தான், ஆனால் பழைய ஜெனரேட்டர் வந்த புதிதில், சின்னப் பிள்ளை நீ நாற்காலி போட்டு ஏறிச் சுவிட்சைத் தட்டித் தட்டி பல்பைப் பீஸாக்கினாயே, அன்று போட்டிருந்த கவுன் என்ன நிறம் என்றுகூட இன்றைக்கும் சொல்வேன். இவளுக்கு ஒரு பிடி மறந்துபோகிறது. இவள் கற்றுக்கொள்ளும்வரை நான் கண்ணை மூட முடியாது போலிருக்கிறது.

பிள்ளைகளை அடிக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது மறக்காமல் அம்மாவிடம் சோக் எங்கே இருக்கிறது என்று கேள். இப்படிக்கு உன் அப்பா, கைநாட்டு. மை கொஞ்சம் இழுகிவிட்டது.

கண்ணு, இனி நானாக எழுதுவது. சோக் எனக்கு மறக்கவில்லை. அவர் டாக்டரிடம் போயிருந்தபோது தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டேன், ஒரே இழுப்பில் கிளம்பியது. நான் கற்றுக்கொள்ளும்வரை கண்ணை மூட முடியாது என்கிறார், அதனால்தான் கற்றுக்கொள்ளாமல் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். அவர் காதில் விழுகிற மாதிரி என்னை நாலு திட்டு திட்டிவிடு.