நடைவழியில் பன்னிரண்டு வோல்ட்

அக்டோபர் 12, சனி

விடிந்ததிலிருந்து மழை. முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். வியட்நாமில், தூ டுக் பகுதியில் எங்கள் சந்து இப்படித்தான், ஆற்றில் ஓதம் ஏறினால் வாசல்படி வரை வரும்.

இன்றைய வேலை: விளக்கு. இந்த வாடகை வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம், நடுவில் ஜன்னல் இல்லை, பகலிலேயே இருட்டு. என் மனைவி கோமதிக்கு விழித்திரை நோய். முதலில் இருட்டில் தெரியாது, பிறகு ஓரங்கள் போகும், பிறகு... டாக்டர் அதோடு நிறுத்திக்கொண்டார். மருந்து கிடையாது.

சுவரைத் துளைக்கக் கூடாது என்று வீட்டுக்கார அம்மா கண்டிப்பு. அதனால் 12 வோல்ட் எல்.இ.டி. ஒட்டினால் போதும். தண்ணீர் பட்டாலும் ஷாக் அடிக்காது.

வாங்கியது: அடாப்டர் 1, சின்ன விளக்கு 14, ஒயர் 20 மீ., டேப். வெங்காயம் மறந்துவிட்டது.

அக். 13, ஞாயிறு

ஒட்டி முடித்தேன். வாசலிலிருந்து சமையலறை வரை, தரையோரமாக. முதுகு வலி. விமானம் இறங்குகிற இடம் மாதிரி இருக்கிறதாம், மகள் மீரா சொன்னாள். எட்டு வயதுக்கு நல்ல கண்டுபிடிப்பு.

கோமதி சுவரைத் தொடாமல் நடந்து போனாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பி வந்து, "அத்தான், கடைசி ரெண்டும் மங்கலா எரியுது" என்றாள். (மாமா மகள். கல்யாணத்துக்கு முன்னும் அத்தான், பின்னும் அத்தான்.)

ஒயர் நீளமானால் கடைசியில் வோல்டேஜ் குறையும், தடித்த ஒயர் போட்டால் சரியாகிவிடும் என்றேன்.

அக். 17, வியாழன்

அரை நாள் லீவு. தடித்த ஒயர் மாற்றினேன். மீட்டர் வைத்துப் பார்த்ததில் முதல் விளக்கு 12.0, கடைசி விளக்கு 11.8. என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோல.

"இப்ப எப்படி?"

வெகுநேரம் பார்த்தாள். "மங்கல்தான். ஒயர் சரியில்ல போல."

ஆமாம், மட்டமான ஒயர், வேறு பார்க்கலாம் என்றேன். மீட்டரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

அக். 20, ஞாயிறு

சாயங்காலம் மீரா, வீட்டுக்கார அம்மாவின் பூந்தொட்டியில் இடித்து விழுந்தாள். முட்டியில் சிராய்ப்பு. அந்த அம்மா திட்டவில்லை. தொட்டியை நிமிர்த்தியபடி, இது மூன்றாவது தடவை, வெளிச்சம் மங்கினால் குழந்தை தடுமாறுகிறாள், கவனித்தீர்களா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த கொஞ்ச வியட்நாமியத்திலேயே தெளிவாகப் புரிந்தது.

கோமதி சாப்பிடவில்லை. "நானும் அவ வயசுல இப்படித்தான் விழுவேன். கவனமில்லன்னு அம்மா அடிப்பாங்க."

அக். 26, சனி

கண் மருத்துவமனை. மூன்று மணி நேரம் காத்திருப்பு. மீராவுக்குச் சொட்டு மருந்து, இருட்டு அறை, ஏதேதோ மெஷின்.

டாக்டர் இளம் பெண், நிதானமான ஆங்கிலம். கல்யாணத்துக்கு முன்பே உறவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுதிக்கொண்டார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அம்மாவுக்கு இருப்பதுதான் மகளுக்கும். இப்போதுதான் ஆரம்பம்.

வரும் வழியில் மீரா நூடுல்ஸ் சூப் கேட்டாள். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

அக். 28, திங்கள்

ஊரிலிருந்து அம்மா போன். எல்லோரும் சௌக்கியம் என்றேன். சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று பெரியவர்கள் முடித்த சம்பந்தம். யாரைக் குறை சொல்ல? நானும்தான் ஆசைப்பட்டேன்.

ஆபீஸில் இரண்டு மீட்டிங். ஒரு வார்த்தைகூட ஞாபகமில்லை. வரும்போது விளக்கு 8 வாங்கினேன்.

நவ. 3, ஞாயிறு

மழை இல்லை. புழுக்கம். மாடிப்படியில் ஒட்டலாம் என்று உட்கார்ந்தேன். கோமதி வந்து டேப்பைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"போதும் அத்தான். வீட்டுல நீங்க ஒட்டுவீங்க. பள்ளிக்கூடத்துல, ரோட்டுல யார் ஒட்டுவா?"

மடியில் கிடந்த ஒயரைச் சுற்றி வைத்தேன்.

"எல்லாத்தையும் அணைங்க. எனக்குக் கொஞ்சமாவது தெரியறப்பவே மீராவுக்கு இருட்டுல நடக்கப் பழக்கிடறேன்."

எட்டு வயதுதானே, இப்போதே எதற்கு என்றேன்.

"எனக்கு யாரும் பழக்கல."

விளையாட்டா என்று மீரா கேட்டாள். ஆமாம் என்றாள் கோமதி.

பிளக்கைப் பிடுங்கினேன். நடைவழி முழுக்க இருட்டு. இரண்டு பேரும் சுவரைத் தடவிக்கொண்டு போகிற சத்தம். சமையலறைப் பக்கம் ஏதோ விழுந்து உடைந்தது. எழுந்து நின்றேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.