இன்வர்லாரிக் மாளிகைக்குக் கூரை இல்லை என்பது பற்றி

அனுப்புநர்:
ஹெக்டர் ஃபார்க்கர்சன்,
இன்வர்லாரிக் எஸ்டேட் உரிமையாளர்,
இருப்பு: எடின்பரோ.

பெறுநர்:
சொத்துவரி மதிப்பீட்டு அலுவலர்,
மாவட்ட மன்றம்.

பொருள்: கூரையற்ற மாளிகைக்கு வரி விதித்தது குறித்தும், கித்தான் ஒன்றை அகற்றக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கூரையுள்ள கட்டடத்துக்கே வரி என்பது சட்டம். அதை மதித்து, சென்ற கோடையில் எங்கள் மாளிகைக் கூரையைப் பிரித்து, கல்லோடுகளையும் ஈயத் தகடுகளையும் விற்றுவிட்டேன். எல்லா அறைகளிலும் இப்போது மழை பெய்கிறது. இதற்குமேல் ஒரு குடிமகன் எப்படிக் கீழ்ப்படிவான்?

2. மாளிகையைக் கட்டியவர் என் கொள்ளுத்தாத்தா. ஆடு மேய்க்க நிலம் வேண்டி, பள்ளத்தாக்கிலிருந்த குடியானவர்களின் கூரைகளைக் கொளுத்தி அவர்களைக் கப்பலேற்றினார். கம்பளிப் பணத்தில் வீடு எழுந்தது. விருந்து, வேட்டை, குதிரை என்று அடுத்த தலைமுறையினர் தின்று தீர்த்தார்கள். போரின்போது இங்கே தங்கிய ராணுவம் மாடிப்படிகளை விறகாக்கியது. எனக்கு மிஞ்சியது வரி.

3. கூடவே மிஞ்சியவர் என் தமக்கை யூஃபிமியா. எழுபது கடந்தவர், மணமாகாதவர், இருமல்காரர். பிறந்த அறையைவிட்டு நகர மறுத்து, கட்டிலுக்குமேல் பழைய கித்தான் துணி ஒன்றை இழுத்துக் கட்டியிருக்கிறார். என் வீட்டில் இடமில்லையா என்று தாங்கள் கேட்கலாம். என் மனைவிக்கு இருமல் சத்தம் ஆகாது. "அக்கா, இது இப்போ வீடே இல்ல" என்று நயமாகத்தான் சொன்னேன். "வீடு இல்லேன்னா எதுக்குடா என்னைக் கெளம்பச் சொல்ற?" என்றார். நாக்கில் விஷம், ஐயா.

4. சென்ற மாதம் தங்கள் ஆய்வாளர் வந்தபோது நல்ல மழை. "உள்ள வாங்க தம்பி, நனையாம நிக்க இந்த ஒரு எடம்தான் இருக்கு" என்று தமக்கை அவரை மட்டும் அழைத்துத் தேநீர் கொடுத்தார். நான் வெளியே நனைந்தேன். குடித்த நன்றிக்கு ஆய்வாளர், 'கூரை உண்டு' என்று எழுதிவிட்டார். கட்டிலளவு கித்தானுக்கு மாளிகையளவு வரி! உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது இதுதான்.

5. இருமுறை நானே கயிற்றை அறுத்தேன். அவர் மறுபடி கட்டிக்கொண்டார். மீண்டும் அறுக்க உடன்பிறந்த மனம் இடங்கொடுக்கவில்லை. அரசு ஆள் அறுத்தால் அது சட்டம்.

எனவே பனி விழுமுன் கித்தானை அகற்ற உத்தரவிடுமாறு பணிந்து வேண்டுகிறேன். தமக்கையை வெளியேற்றக் கோரவில்லை. அத்தனை கல்நெஞ்சன் அல்லேன். அவர் விரும்பும்வரை அங்கேயே படுத்திருக்கட்டும். மறு ஆய்வுக்கு மார்ச் மாதம் ஆள் அனுப்பினால் போதும். அதற்குள் அறை காலியாகியிருக்கும்.

இடம்: எடின்பரோ
நாள்: 21 நவம்பர் 1955

சட்டத்துக்குக் கட்டுப்பட்ட,
ஹெக்டர் ஃபார்க்கர்சன் (ஒப்பம்)