நின்றபடி எடுத்த அளவு

என் அன்புக்குரிய வீட்டு எஜமானிக்கு,

நான் சுகம் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை. ஆகவே சுகமாகிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதுகிறேன். நீயும், பிள்ளை பெற்ற உடம்போடு இருக்கும் நம் மகளும், தாத்தாவை இன்னும் பார்க்காத பேத்தியும் நன்றாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ என் பேச்சைக் கேட்பதில்லை, மூச்சைத்தான் கேட்கிறாய். நேற்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் "ஏன் இரைக்குது, எங்கேருந்து எந்திரிச்சு வந்தீங்க, மொதல்ல உட்காருங்க" என்று ஆரம்பித்துவிட்டாய். சொல்ல வந்ததை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். இதை முழுவதும் படித்துவிட்டு, அப்புறம் திட்டு.

விஷயம் அந்த நாற்காலிதான். நீ மகள் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் அதை ஜன்னலோரம் போட்டு, பிளாஸ்க், மாத்திரை டப்பா, ரிமோட், துண்டு, கூப்பிட ஒரு மணி என்று எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போனாய். போகிற போக்கில் "அவரை எந்திரிக்க விடாதீங்க" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டும் போனாய். உன் சொல்லுக்கு இங்கே இவ்வளவு மரியாதை இருப்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. பேப்பர் போடுகிறவர் உள்ளே வந்து மடியில் வைத்துவிட்டுப் போகிறார். பக்கத்து வீட்டு டீச்சரம்மா, நான் தண்ணீர் குடிக்க எழுந்தாலே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அண்ணே, அக்காவுக்குப் போன் போடட்டுமா" என்று மிரட்டுகிறார்.

நம் தையல் கடையிலும் இதே கதைதான். அளவு எடுக்க நான் எழுந்தால், "நீங்க உட்காருங்கண்ணே" என்று சொல்லி, வந்தவர்களே என் முன்னால் குந்திவிடுகிறார்கள். நானும் மகாராஜா மாதிரி உட்கார்ந்தபடியே டேப்பைப் பிடித்து அளந்து எழுதிக்கொண்டேன். போன வாரம் பஸ் கண்டக்டர் நான் தைத்த புதுச் சீருடையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். முதுகுப் பக்கம் சாக்குப் பை மாதிரி தொங்கியது. குனிந்த முதுகில் எடுத்த அளவு நிமிர்ந்தால் எப்படிப் பொருந்தும்? என் மனசு நோகக் கூடாதென்று அவர், "உட்கார்ந்தா சரியாத்தான் இருக்குண்ணே" என்றார். வேலை நேரத்தில் உட்காரவே வழியில்லாத ஆள் அவர். நம் கடையில் துணி வெட்டுகிறவன், நாம் குண்டூசி என்று கூப்பிடுகிறவன், விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் அவர் போன பிறகு மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் என் கை இப்படி ஒரு அளவு எடுத்ததில்லை.

அதற்கு அடுத்த நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நுரையீரலில் கட்டியோடு ஒரு பகுதியை வெட்டி எடுத்த டாக்டர், தையல் தடத்தைப் பார்த்துவிட்டு நன்றாக ஆறியிருக்கிறது என்றார். நல்ல தையல்தான், தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன். அப்புறம் உடற்பயிற்சி சொல்லித்தரும் அந்தப் பெண்ணிடம் அனுப்பினார். காலையில் தெருக்கோடி வரை நடக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டு, "சரிப்பா, மீதி நேரம்?" என்றாள். உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். "சாயங்காலம் வரைக்குமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அவள் கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னாள். காலையில் கொஞ்சம் நடந்துவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் காலில் வலு போய்விடுமாம். வலு போனால் சின்ன வேலைக்கும் மூச்சு இரைக்கும், இரைக்கிறதே என்று பயந்து இன்னும் உட்காருவோமாம். எல்லா இரைப்பும் ஆபத்து இல்லை, பேச முடிகிற அளவுக்கு இரைத்தால் மெல்ல நடக்கலாம், நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நின்றுவிட வேண்டும், சட்டென்று மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்றாள். கடைசியில், "உங்களுக்கு எல்லாத்தையும் கையில கொண்டுவந்து கொடுக்கிறது யாருப்பா?" என்று கேட்டாள். நான் உன் பெயரைச் சொல்லவில்லை. தெருவில் எல்லோரும் நல்லவர்கள் என்று மட்டும் சொன்னேன்.

கோபித்துக்கொள்ளாதே. நீ வைத்துவிட்டுப் போனதில் தப்பே இல்லை. நீ பயந்தாய், நான் உன்னைவிட அதிகமாகப் பயந்தேன். லேசாக இரைத்தாலே அந்தக் கட்டி திரும்பி வந்துவிட்டதோ என்று தோன்றும். உட்கார்ந்தால் இரைப்பு அடங்கும், பயமும் அடங்கும். அதனால்தான் நாற்காலியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது பிளாஸ்க்கை அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டேன். ரிமோட் டீவி மேலேயே இருக்கிறது. மணியை டீச்சரம்மாவிடம் கொடுத்துவிட்டேன், நான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தால் அவர் அடிக்கிறார். அந்த அம்மாவுக்கு யாரையாவது மிரட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கடையில் குண்டூசியும் நானும் இடம் மாற்றிக்கொண்டோம். வெட்டு மேஜையில் நின்று வேலை செய்வது நான், மெஷினில் உட்கார்ந்து தைப்பது அவன். வாழ்க்கை முழுக்க நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவன், நாற்காலியைக் கண்டதும் வாயெல்லாம் பல். முதல் சட்டையில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. பழகிவிடுவான். கண்டக்டரை நிற்க வைத்து, நானும் நின்று, அளவு எடுத்துத் திரும்பத் தைத்துக் கொடுத்தோம்.

இனிதான் நான் சொல்ல வந்தது. மகள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. குழந்தையைக் கீழே தூக்கி வருகிறோம், நீங்கள் காரிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொன்னாய். வேண்டாம். கடைக்கு மேலே இருக்கும் பல் டாக்டர் கிளினிக் படியில் நான் தினமும் ஏறிப் பார்க்கிறேன். முதலில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன், எந்தப் பல் வலிக்கிறது என்று அங்கே இருக்கும் பெண் விசாரித்தாள். இப்போது நின்று நின்று மேலே போய்விடுகிறேன். ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் கேட்டுவிட்டேன், மெதுவாக ஏறலாம் என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த ஸ்கேன் வரப்போகிறது. அதில் என்ன தெரியும் என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் அதற்கு முன்னால், என் காலால் ஏறி வந்து பேத்தியைப் பார்த்துவிட வேண்டும் என்று இருக்கிறது. எனக்கு வேறு ஆசை இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மாப்பிள்ளை என்னைத் தூக்கிவிடப் பார்ப்பான், அவனைப் பிடித்து வை. நீயும் கீழே ஓடி வராதே. ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்பேன், இரைப்பது உங்களுக்குக் கேட்கும், கேட்கட்டும். நேரமானாலும் மேலிருந்து கூப்பிடாதே. குழந்தையை வைத்துக்கொண்டு வாசலிலேயே நில். நான் வந்ததும் என் கையில் கொடு. நின்றுகொண்டே அவளை ஒரு நிமிஷம் வைத்திருக்கிறேன். அப்புறம் நீ எங்கே உட்காரச் சொல்கிறாயோ அங்கே உட்காருகிறேன்.

உன்னை இன்னும் நெடுநாள் தொந்தரவு செய்ய ஆசைப்படும்,
உன் வீட்டுக்காரன்