கனிசியஸ் மீண்டும் கடலுக்கு

வாசலில் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் விடாமல் அலறியது. கனிசியஸ், பூசைக்குப் போயிருந்த மனைவிக்குக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவசரமாக எழுதினான்.

"லூர்த்து, உன்ரை தம்பி சுரேஸ் வந்திட்டான். கடலுக்குப் போறன். புட்டு ஒரு குழல்தான் எடுத்தனான், மிச்சம் மூடியிருக்கு. நேற்று இடியப்பத்தை ஒளிச்சு வைச்சதுக்குக் கத்தினனான், மனசிலை வைக்காதை. இரவிலை போடுற மூச்சு மெசினின்ரை முகமூடியைக் கழுவிக் காயப்போட்டிருக்கிறன், பூனை இழுக்காமல் பார்."

தாளின் அடியில் இடுக்கி எழுதினான்:

"பதினொரு கிலோ குறைஞ்சிட்டுது. டொக்டரும் கடலுக்குப் போகலாமெண்டிட்டார். குறட்டையும் இல்லை, இனி ஹோலுக்குள்ளை படுக்காமல் அறைக்கு வா."

இரவில் மூச்சு அடைபட்டு நித்திரை கெட்டதால், பட்டப்பகலில் இஞ்சினைப் பிடித்தபடியே தூங்கிப் படகைக் கல்லில் ஏற்றியவன் அவன். அன்றிலிருந்து சுரேஸ் அவனைக் கரையில் வலை திருத்தவே விட்டிருந்தான்.

கரைக்குப் போனதும் கனிசியஸ் தயங்கியபடி படகின் முன்பக்கம் ஏறினான். சுரேஸ் மறித்தான்.

"அங்கை எங்கை போறியள், அத்தான்? இஞ்சினடிக்குப் போங்கோ. இண்டைக்கு நான்தான் நித்திரை கொள்ளப் போறன்."